"என்ன இப்படி ஊதிட்ட?" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

உணவியல் ஆலோசகர் என்ற முறையில் எடையைப் பற்றிப் பேசுவதுதான் என் வேலை. வருகிறவர்களிடம் முதல் சந்திப்பில், "இப்போது வரவேண்டும் என்று எப்படித் தோன்றியது?" என்று கேட்பேன். சிலர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுவார்கள். பலர் யாரோ சொன்ன ஒரு வார்த்தையைச் சொல்வார்கள். "என்ன இப்படி ஊதிட்ட?" "முன்னாடி எப்படி இருந்த, இப்ப பாரு!" ஒல்லியானவர்களையும் யாரும் விட்டுவைப்பதில்லை. "காத்தடிச்சா பறந்துடுவ போலிருக்கே, வீட்ல சாப்பாடே போடறதில்லையா?" சொன்னவர் அதை அன்றே மறந்திருப்பார். கேட்டவரோ தான் அன்று போட்டிருந்த உடை முதல் பக்கத்தில் நின்றவர்கள் வரை ஞாபகம் வைத்திருப்பார்.

நாலு பேர் சொன்னால் ரோஷம் வந்து உடம்பைக் குறைப்பாள் என்று வீட்டில் நிஜமாகவே நம்புகிறார்கள். நான் பார்த்தவரை ரோஷத்தில் பிறக்கும் டயட் பட்டினியில் தொடங்கி, பசி தாங்காமல் அள்ளிச் சாப்பிடுவதில் போய் நிற்கிறது. ஒரு கல்லூரி மாணவி, எல்லோரும் பார்க்கத் தட்டில் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்வார். பெண் கட்டுப்பாடாக இருக்கிறாள் என்று வீட்டில் சந்தோஷம். எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறை விளக்கைக்கூடப் போடாமல் ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றுகொண்டே சாப்பிடுவார். டப்பா மூடியைச் சத்தம் வராமல் திறக்கப் பழகியிருந்தார். என்ன சாப்பிட்டோம் என்று தினமும் எழுதச் சொல்லியிருந்த நோட்டில் அந்த வேளை மட்டும் இருக்காது. அவருக்கு உணவுப் பட்டியல் போட்டுக் கொடுப்பதற்கு முன்னால், வீட்டில் அவர் தட்டைப் பற்றிய பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் அல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வளரும் பிள்ளைகளின் எடையைப் பற்றிக் குடும்பத்தில் பேச வேண்டாம் என்கிறது. பெற்றோர் தங்கள் எடையைப் பற்றிப் பிள்ளைகள் முன்னால் புலம்புவதும் அதில் சேரும். அதற்குப் பதிலாகச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடச் சொல்கிறது.

எடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் பார்த்த கண்ணுக்குத் தெரியாது. பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை, ஒலான்சபின் போன்ற மனநல மருந்து, வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேட், இன்சுலின் ஊசி எல்லாமே எடையைக் கூட்டக்கூடியவை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பெண்களுக்கு பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருந்தாலும் கூடலாம். சிகரெட்டை விட்டவர்களில் நிறையப் பேருக்குச் சில கிலோ ஏறும். இளைப்பதற்கும் இப்படித்தான்: தைராய்டு அதிகமாகச் சுரப்பது, காசநோய், கட்டுக்கடங்காத சர்க்கரை, மனச்சோர்வு. அதனால் பாராட்டும் எனக்கு உவப்பாக இல்லை. புற்றுநோய் சிகிச்சையில் இருந்த ஒரு பெண்மணியிடம், விஷயம் தெரியாத தோழி ஒருவர், "சூப்பரா இளைச்சுட்டியே, ரகசியத்தைச் சொல்லேன்" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் வெளியே போவதையே குறைத்துக்கொண்டார்.

சரி, பதில் என்ன சொல்வது? விளக்கம் மட்டும் கொடுக்காதீர்கள். "எனக்குத் தைராய்டு இருக்கு, மாத்திரை சாப்பிடறேன்" என்று ஆரம்பித்தால், "எங்க நாத்தனாருக்கும் தைராய்டுதான், அவ எப்படி சிக்குன்னு இருக்கா பாரு" என்று பதில் வரும். பிறகு எந்த டாக்டர், எத்தனை மில்லிகிராம், காலையில் என்ன சாப்பிடுகிறாய் என்று விசாரணை நீளும். உங்கள் மருத்துவ விவரத்தைக் கேட்க உரிமை உள்ளவர்கள் மிகச் சிலரே. அவர்கள் யார் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் நாலு பேர் கூடும் இடத்துக்குப் போவதற்கு முன்பே.

எப்போதாவது பார்க்கும் சொந்தக்காரருக்கு, "ஆமா சித்தி. உங்க முட்டிவலி இப்ப பரவாயில்லையா?" என்பதே போதும். நண்பர்களிடம் இன்னும் நேராகவே பேசலாம். ஆனால் கூட்டத்தில் வேண்டாம், தனியாக இருக்கும்போது. "டேய், என் உடம்பை வெச்சு கிண்டல் பண்றது மட்டும் வேணாம். எனக்குக் கஷ்டமா இருக்கு."

இதை என் அறையில் வாய்விட்டே சொல்லிப் பார்க்கச் சொல்வேன். முதல் தடவை கிட்டத்தட்ட எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். கூடவே, "தப்பா எடுத்துக்காத, சும்மா சொன்னேன்" என்று ஒரு வாலும் ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சிரிப்பும் வாலும் இருக்கும்வரை எதிராளி அதையும் தமாஷாகத்தான் எடுத்துக்கொள்வார். கோபப்பட வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அடுத்து வரும் அந்த இரண்டு நொடி மௌனத்தைத் தாங்கத்தான் பழக்கம் தேவைப்படுகிறது.

அம்மா விஷயம் வேறு. தினமும் பார்க்கிறோம், பாசத்தில் சந்தேகமும் இல்லை. "உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்பதற்குப் பதில் சொல்லவும் முடிவதில்லை. சாப்பாட்டு வேளையில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். துணி மடிக்கும்போதோ சேர்ந்து நடக்கும்போதோ, நேருக்கு நேர் முகம் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். "தெரியும்மா, கவலைல சொல்ற. வெயிட்டைப் பத்தி நான் டாக்டர்கிட்ட பேசிக்கறேன். நீ சொல்லும்போது உன்கூட உக்காந்து சாப்பிடவே பிடிக்காமப் போயிடுது." இந்தக் கடைசி வாக்கியம் பல அம்மாக்களை உலுக்கியிருக்கிறது. அவர்களுக்கு அது அதுவரை தெரியவே தெரியாது. மறுநாளே பேச்சு நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல வருஷப் பழக்கம், வாய் தவறி வரத்தான் செய்யும். வரும்போதெல்லாம் புதிதாகச் சண்டை போடாமல், "அம்மா, சொன்னேன்ல?" என்று ஞாபகப்படுத்தினால் போதும்.

கணவர் வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், அவர்களிடம் கணவர்தான் பேச வேண்டும். மருமகள் சொன்னால் மரியாதைக் குறைவு என்று ஆகும் விஷயம், மகன் சொன்னால் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவரும் சேர்ந்து சிரித்தால், அவரிடம்தான் முதலில் பேச வேண்டும்.

உங்கள் குழந்தையின் உடம்பைப் பற்றி யாராவது சொன்னால் மட்டும் தனிமைக்காகக் காத்திருக்காதீர்கள். குழந்தை அந்த நொடியில் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். "அவ உடம்பைப் பத்திப் பேச வேணாம் அத்தை" என்று அது கேட்கும்படி, அங்கேயே சொல்லுங்கள்.

சாப்பிட்ட பிறகு வாந்தியெடுப்பது, வேளை வேளையாகச் சாப்பாட்டைத் தவிர்ப்பது, மற்றவர்கள் முன்னால் சாப்பிட முடியாமல் போவது, ஒளிந்து சாப்பிடுவது ஆகியவை தொடர்ந்தால், பதில் சொல்லக் கற்றுக்கொள்வது மட்டும் போதாது. மருத்துவரையோ மனநல நிபுணரையோ பார்க்க வேண்டும். சிகிச்சையில் குணமாகக்கூடிய பிரச்சினைகள் இவை.

இதைப் படிப்பவர்களில் நிஜமாகவே யாரைப் பற்றியாவது கவலைப்படுகிறவர்களும் இருப்பீர்கள். கவலைக்குக் காரணம் இருக்கவும் செய்யலாம். முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினால், அதாவது 60 கிலோ இருந்தவருக்கு 3 கிலோவுக்கு மேல் குறைந்தால், பரிசோதனை அவசியம். அப்போதும் எடையில் ஆரம்பிக்காதீர்கள். தனியாக இருக்கும்போது, "கொஞ்ச நாளா ரொம்பக் களைப்பாத் தெரியற. தூக்கம், பசியெல்லாம் எப்படி இருக்கு? டாக்டரைப் பார்க்கணும்னா நானும் கூட வர்றேன்" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிட்டு, அடுத்த வாரம் இன்னொரு தடவை கேளுங்கள்.