இரண்டாம் தர நகரமா, இரண்டாம் அடுக்கு நகரமா?

"ஐ.டி. வேலைகள் இனி இரண்டாம் தர நகரங்களுக்கும்" என்று தொலைக்காட்சியில் மறுபடியும் ஓடியது. பட்டியலில் திருப்பூரும் இருந்தது. இரண்டாம் தரம் என்றால் என்னவென்று அந்த ஊர் பனியன் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள். தையல் பிசகி, சாயம் திட்டுத்திட்டாகி, ஏற்றுமதிக்குத் தேறாமல் கழித்த சரக்கு. 'செகண்ட்ஸ்' என்பார்கள். அதை ஊர் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

ஆங்கிலத்தில் இது 'டியர் 2 சிட்டி'. (நாம் 'டயர்' என்று எழுதிச் சக்கரத்தில் மாட்டிவிட்டோம்.) வரிசையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த வரிசை, அவ்வளவுதான்.

வளர்ச்சித் திட்டங்களில் இந்த வரிசைக்குப் பெரும்பாலும் மக்கள்தொகையே அளவு. வீட்டு வாடகைப்படிக்காக ஒன்றிய அரசு 50 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள ஊரை 'எக்ஸ்' என்கிறது, 5 லட்சத்திலிருந்து 50 லட்சத்துக்குள் 'ஒய்', மிச்சமெல்லாம் 'இசட்'. ரிசர்வ் வங்கியின் கணக்கோ வேறு. ஒரு லட்சம் பேர் இருந்தாலே முதல் அடுக்கு. 2011 கணக்கெடுப்பில் 1.06 லட்சம் பேர் இருந்த காரைக்குடி அதில் சென்னைக்குப் பக்கத்தில் உட்காரும். 96 ஆயிரம் பேர் இருந்த விழுப்புரம் இரண்டாம் அடுக்கு. எண்ணியது தலையை. தரத்தை யார் எடை போட்டார்கள்?

'கிரேடு' என்றால் தரம்தானே, அதனால் இதுவும் தரம் என்று சிலர் வாதிடுகிறார்கள். காவல்துறையில் ஆங்கிலத்தில் 'கிரேடு 2' எனப்படும் இரண்டாம் நிலைக் காவலர் இருக்கிறார். அவரை 'இரண்டாம் தரக் காவலர்' என்று நேரில் கூப்பிட்டுப் பார்க்கட்டும்! தரமானது, தரங்கெட்டது என்று நல்லது கெட்டதைப் பிரிக்கும் சொல் அது. 'எங்களை இரண்டாம் தரக் குடிமக்களாக நடத்துகிறார்கள்' என்று மேடையில் குமுறும்போதும் அதே சொல்தான் வருகிறது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளருக்கு இதெல்லாம் காதில் விழுவதில்லை.

'இரண்டாம் நிலை நகரம்' தேவலை, வசவு இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானத்தை வைத்து இரண்டாம்நிலை, முதல்நிலை, தேர்வுநிலை, சிறப்புநிலை என்று நகராட்சிகளை ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறார்கள். வருமானக் கணக்கும் மக்கள்தொகைக் கணக்கும் ஒரே பெயரில் ஓடினால், கோப்பு படிப்பவர் திண்டாடுவார்.

ஆகவே என் ஓட்டு 'அடுக்கு'க்கு. அதிலும் மேல் கீழ் உண்டே என்பார்கள். அடுக்குப் பானையைப் பாருங்கள்: முதலில் வைப்பது அடியில் இருக்கும் பெரிய பானை. அதன்மேல் அடுத்தது, அதற்கும்மேல் இன்னும் சின்னது. எதுவும் ஓட்டைப் பானை இல்லை.

இப்போது திட்ட அறிக்கைகளில் 'டியர் 3'ம் வந்துவிட்டது. 'மூன்றாம் தர நகரம்' என்று அச்சடித்துவிட்டு, அங்கே முதலீடு செய்ய வாருங்கள் என்று எந்த முகத்தோடு கூப்பிடுவார்களாம்?