கீமோ முடிந்தது, மிச்சம் இருக்கிறதா?

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் நல்ல முடிவு வந்துவிட்டால், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் குடும்பங்கள் நேராக நேர்த்திக்கடன் செலுத்தக் கோயிலுக்குக் கிளம்பிவிடும். தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் இங்கே ரத்தப் புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கும் செவிலி என்ற முறையில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "எம்.ஆர்.டி. (சிகிச்சைக்குப் பின் மிஞ்சிய நோய்) பார்த்தாச்சா?" என்று டாக்டரிடம் கேட்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

மைக்ராஸ்கோப்பில் மஜ்ஜையைப் பார்க்கும்போது புற்றுச் செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்து, ரத்த அணுக்களும் தேறிவிட்டால் நோய் அடங்கியது என்பார்கள். ஆனால் ஃப்ளோ சைட்டோமெட்ரி, பி.சி.ஆர். போன்ற பரிசோதனைகள் 10,000 செல்லில் ஒன்றைக்கூடக் காட்டிக்கொடுக்கும். அந்த மிச்சம்தான் எம்.ஆர்.டி. கீமோவுக்கே தப்பிய செல்கள் அவை. நோய் திரும்பினால் பெரும்பாலும் அங்கிருந்துதான் திரும்பும்.

பி-செல் என்ற ரத்த வெள்ளையணு வகையில் வேகமாக வளரும் புற்றுநோயான பி-செல் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவில் இந்த மிச்சத்தை அழிக்க பிளினாடுமோமாப் என்ற மருந்து இருக்கிறது. அது ஒரு பக்கம் புற்றுச் செல்லின் மேலுள்ள சி.டி.19 என்ற புரதத்தையும் மறுபக்கம் நம் நோய் எதிர்ப்புச் செல்லான டி-செல்லையும் பிடித்து, இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துகிறது. அழிக்கும் வேலையை நம் டி-செல்லே செய்கிறது. மிச்ச நோய்க்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் இதற்கு அனுமதி தந்தது. அதற்கு ஆதாரமான ஆய்வில், பத்தில் கிட்டத்தட்ட எட்டுப் பேருக்கு முதல் சுற்றிலேயே மிச்சம் மறைந்தது. மைலாய்டு வகை லுகேமியாவுக்கு இது பொருந்தாது. இந்த மருந்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் இதைச் சொல்வதில்லை.

சிரமம் மருந்து ஏற்றும் முறையில். சில மணி நேரத்தில் உடலை விட்டுப் போய்விடும் என்பதால், 28 நாள் இரவு பகலாக பம்ப் வழியே ஏற்ற வேண்டும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் பை கூடவே இருக்கும். அந்தக் குழாயில் சலைன் விட்டு ஃப்ளஷ் செய்யவே கூடாது. உள்ளே தங்கிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். மின்வெட்டு வந்தால் எங்கள் கண் முதலில் போவது பம்ப்பின் பேட்டரிக்குத்தான்.

அதனால்தான் இதே மருந்தைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டுப் பார்க்கும் சோதனைகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. நோய் திரும்பிய பெரியவர்களிடம் வெளிநாடுகளில் நடந்த ஆரம்பக் கட்டச் சோதனைகள் நம்பிக்கை தருகின்றன. மிச்ச நோய் உள்ளவர்களுக்கும் அதே பலன் கிடைக்குமா, எந்த அளவு மருந்து பாதுகாப்பானது என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

ஊசி என்றதும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குதல், நரம்புத் தொல்லை எல்லாம் இதிலும் உண்டு. நரம்புத் தொல்லை கையெழுத்தில் தெரியலாம் என்பதால், பம்ப்பில் இருப்பவர்களைத் தினமும் காலையில் நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்வோம். ஓர் அங்கிள் "முருகா காப்பாத்து" என்றே எழுதுவார். ஒருநாள் "மு"வின் சுழி கோணி, கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. காய்ச்சல் இல்லை, பேச்சும் தெளிவு. உடனே டாக்டரைக் கூப்பிட்டோம். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்த பிறகு எழுத்து சீரானது. ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினால் இந்த நோட்டை யார் பார்ப்பார்கள்? சோதனையில் சேரக் கூப்பிட்டால் முதலில் இதைக் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் அடித்தால் யாருக்கு போன் செய்வது, போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதையும் கேளுங்கள்.

"எங்களைச் சோதனைக்குப் பயன்படுத்துறீங்களா, சிஸ்டர்?" என்று கேட்பவர்களின் பயம் நியாயமானது. தென்னாப்பிரிக்காவில் புது மருந்துச் சோதனைக்கு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவும் நெறிமுறைக் குழுவும் அனுமதி தர வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; வழக்கமான சிகிச்சை அதனால் நிற்கக் கூடாது. சோதனை மருந்துக்குப் பணம் கேட்டால் கையெழுத்தே போடாதீர்கள். எம்.ஆர்.டி. ரிப்போர்ட்டின் நகலையும் இப்போதே வாங்கி வையுங்கள். மிச்ச நோய்க்கான சோதனையில் சேர, அதில் உள்ள அளவைக் கேட்பார்கள்.