நாற்பது சொட்டு ரத்தமும் ஒரு சொட்டு விந்தும்

கல்யாணம் நிச்சயமான இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். பல வருடக் கைப்பழக்கம், இப்போது உடம்பெல்லாம் அசதி, சிறுநீரில் வெள்ளையாகத் தாது போகிறதாம். “நாற்பது சொட்டு ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு விந்து என்கிறார்களே, இதுவரை எவ்வளவு ரத்தம் போயிருக்கும்?”

ஒரு சொட்டுகூடப் போகவில்லை, தம்பி.

உண்டது சாரமாகி, செந்நீராகி, ஊன், கொழுப்பு, என்பு, மூளை என்று படியேறிக் கடைசியில் சுக்கிலமாகிறது என்றது பழைய வைத்தியம். நுண்ணோக்கி இல்லாத காலத்து ஊகம், அதில் தப்பில்லை. அந்த ஊகத்தின் மேல் ‘அடக்கினால் தேஜஸ், விட்டால் நாசம்’ என்று பிரம்மச்சரியத்தை ஏற்றிவைத்ததுதான் வினை. கடவுளை நம்பாத எனக்கு இதில் வியப்பாக இருப்பது வேறொன்று. 18ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் டிஸ்ஸோவும், ஒரு அவுன்ஸ் விந்து போவது 40 அவுன்ஸ் ரத்தம் போவதைவிடக் கேடு என்றே எழுதினார். அங்கேயும் அதே நாற்பது!

சரி, உள்ளே நடப்பது என்ன? விந்தகத்துக்குள் நூல் போன்ற குழாய்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்குச் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் ஓரத்தில் இருக்கும் மூல செல் பிரியும்போது ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடும், இன்னொரு பங்கு விந்தணுவாகக் கிளம்பும். அதனால் இருப்பு தீருவதில்லை.

எனக்கு மிகப் பிடித்த இடம் அடுத்தது. விந்தணு முதன்முதலில் தோன்றுவதே பருவ வயதில்தான். ‘இது நம்முடையது, அது அந்நியம்’ என்று நோயெதிர்ப்பு மண்டலம் பழகிக்கொண்டது அதற்குப் பல வருடம் முன்பு. எனவே அதன் கண்ணில் பட்டால் விந்தணு அந்நியன்தான், அடி விழும். இதைத் தடுக்க, குழாய்க்குள் செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டி ஒரு சுவர் எழுப்புகின்றன. ரத்தம் சுவருக்கு வெளியே, வளரும் விந்தணு உள்ளே. அப்படியானால் ஓரத்தில் பிறந்த செல் சுவரைத் தாண்டி எப்படி உள்ளே போகும்? முதலில் அதன் முதுகுக்குப் பின்னால் புதிய ஒட்டு உருவாகிறது. அது இறுகிய பிறகுதான் முன்னால் உள்ள பழைய ஒட்டு அவிழ்கிறது. மதகு மாற்றி மதகு திறந்து படகை ஏற்றுவதுபோல, ஒரு கணம்கூடச் சுவர் முழுதாகத் திறப்பதில்லை. ரத்தத்திலிருந்து விந்து வடிகிறது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க, உடம்போ அந்த ரத்தத்தை உள்ளே விடாமல் இவ்வளவு பாடுபடுகிறது.

வெளியேறுவதில் விந்தணுவின் பங்கு நூற்றில் ஐந்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் விந்துப்பையும் ப்ராஸ்டேட்டும் சுரக்கிற நீர். ஓர் இட்லியில் அதைவிடப் பல மடங்கு புரதம் உண்டு.

அடக்கி வைத்தால்? மண்டைக்கு ஏறாது. பழைய விந்தணுக்கள் தூக்கத்தில் வெளியேறும், அல்லது சிதைந்து உடம்பாலேயே உறிஞ்சப்படும். வாசக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை அறுவை, செய்தவருக்கு விந்தணு ஒன்றுகூட வெளியே போவதில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976-77இல் மட்டும் 60 லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களுக்கு, பலருக்குக் கட்டாயப்படுத்தியே, அதைச் செய்தார்கள். யார் முகத்திலும் தேஜஸ் கூடியதாகத் தகவல் இல்லை.

இந்தப் பயத்துக்கு மனநல மருத்துவத்தில் ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயர். 1960இல் டாக்டர் என். என். விக் வைத்தது. குற்றவுணர்வை மதம் இலவசமாகத் தருகிறது, லேகியத்துக்குக் காசு வாங்குபவர் லாட்ஜில் ரூம் போட்டுக் காத்திருக்கிறார். ஆண்மை பெருக்கும் மருந்துக்கு விளம்பரம் கூடாது என்று 1954லேயே சட்டம் வந்தாயிற்று. ராத்திரி டிவியைப் போட்டுப் பாருங்கள். பள்ளியில் பாலியல் பாடத்துக்குச் செலவழிக்க மட்டும் நமக்குக் கை வராது.

அசதிக்கு ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் பாஸ்பேட் உப்பு. சந்தேகமிருந்தால் லேபில் கொடுங்கள். இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டதும் பாஸ்பேட் கலங்கல் தெளிந்துவிடும்.