கார் கைவிடும் நொடி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் கிளம்பும் புதுக் கார்கள் பலவற்றில் இப்போது அடாஸ் (ADAS) என்ற ஓட்டுநர் உதவி அமைப்பு இருக்கிறது. முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டும், குறைக்கும். லேன் கோடுகளுக்கு நடுவில் ஸ்டீயரிங்கையும் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துச் செய்தாலும், தானியங்கி ஓட்டத்தின் படிநிலைகளில் அது லெவல் 2 தான்; கண்ணும் பொறுப்பும் ஓட்டுபவருடையவை. டெலிவரி எடுக்கும்போது எந்த பட்டன் எதற்கு என்று காட்டிவிடுவார்கள். எங்கே கைவிடும் என்பதைத்தான் நாமே தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கான ரேடார் பம்பர் பக்கம் இருக்கும், கேமரா உள்கண்ணாடிக்குப் பின்னால். நகரும் வண்டியின் வேகத்தை ரேடார் நன்றாக அளக்கும். ஆனால் பாலம், போர்டு, தடுப்புச்சுவர் எல்லாமே எதிரொலி தருகின்றன. அத்தனைக்கும் பிரேக் அடித்தால் ஊர் போய்ச் சேர முடியாது. அதனால் அசையாமல் நிற்பவற்றின் எதிரொலியைப் பல அமைப்புகள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

விளைவு இப்படி: நீங்கள் வைத்த வேகம் 90. முன்கார் 70-ல் போவதால் உங்கள் காரும் 70. திடீரென முன்கார் வலப்பக்கம் ஒதுங்குகிறது; எதிரே பஞ்சராகி நிற்கும் லாரி. உங்கள் காருக்குத் தெரிவதோ வழி காலியானது மட்டும்தான், எனவே 90-க்கு முடுக்கத் தொடங்கலாம். 90 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 25 மீட்டர் போகிறோம். நீங்கள் சுதாரிக்க 2 நொடி ஆனால் 50 மீட்டர் போயிற்று. முன்வண்டி ஒதுங்கினால், ஏன் ஒதுங்கியது என்று கண்ணில் படும்வரை கால் பிரேக் மேல் இருக்கட்டும்.

லேன் உதவி விடைபெறுவது இன்னும் சத்தமில்லாமல். கோடு அழிந்திருந்தாலோ மழையில் பளபளத்தாலோ, பல கார்களில் மீட்டரில் உள்ள பச்சைக் குறி சாம்பலாகும், அவ்வளவுதான். ஸ்டீயரிங் வெறுமனே நிற்கும், வளைவு மட்டும் வந்துகொண்டே இருக்கும். கை இருந்தும் 'கையை வையுங்கள்' என்று கார் நச்சரிப்பதும் உண்டு. பல கார்கள் பார்ப்பது தொடுதலை அல்ல, ஸ்டீயரிங்கில் விழும் லேசான திருப்பு விசையை.

பழக ஏற்ற இடம் மைசூரு எக்ஸ்பிரஸ்வே. 2023 ஆகஸ்ட் முதல் அதன் பிரதான பாதையில் பைக், ஆட்டோ இல்லை. பகலில், மழையில்லாத நாளில் போங்கள். முதலில் வேகத்தைக் கார் பார்த்துக்கொள்ளும் உதவி மட்டும், முன்வண்டியுடன் இடைவெளி அதிகபட்சத்தில். நடுவில் வண்டி புகுந்துவிடுமே என்று இடைவெளியைக் குறைக்காதீர்கள். புகுந்தால் புகுந்துவிட்டுப் போகட்டும். பின்னால் வண்டி இல்லாதபோது பிரேக்கை லேசாகத் தொட்டு ரத்து செய்து, உங்கள் காலாலேயே வேகத்தைப் பிடித்துப் பாருங்கள். யோசிக்காமல் கால் போகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகுதான் லேன் உதவி.

ஆயுத பூஜைக்குக் கிரில்லில் மாலை போட்டால் ஓட்டுமுன் கழற்றிவிடுங்கள். கேமரா முன் சந்தனம் வேண்டாம். முன்கண்ணாடி மாற்றினால் கேமராவைச் சர்வீஸ் சென்டரில் மறுபடி அளவமைக்கச் சொல்லுங்கள்.

பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் லேன் உதவியை அணைத்துவிடலாம். மோதப்போகும்போது கார் தானாகப் போடும் அவசர பிரேக்கை மட்டும் எங்கேயும் அணைக்க வேண்டாம்.