பெட்டியைத் திறக்கும் முன் மெத்தையைப் பாருங்கள்

போன மாதம் ஒரு கருத்தரங்குக்காகக் கோவை போயிருந்தேன். பல ஊர்களில் கிளை உள்ள ஒரு ஹோட்டலில் அறை போட்டிருந்தார்கள். பெயரை நம்பித்தான் போனேன். நடைபாதைக் கம்பளத்தில் ஈரவாடை. குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு ராத்திரிதானே என்று அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மெத்தை விஷயம் அப்படியில்லை.

விரிப்பின் மூலையைத் தூக்கினேன். தையல் மடிப்பு ஓரமாக, பேனா முனையால் குத்தியது போலக் கறுப்புப் புள்ளிகள். ஈரத் துணியால் தொட்டதும் துருநிறமாகக் கசிந்தன. மூட்டைப்பூச்சியின் எச்சம் அது; அது குடித்துச் செரித்த ரத்தம்.

கீழே சொன்னபோது, "பக்கத்து ரூமுக்கு மாத்திடறோம் மேடம்" என்றார்கள். வேண்டாம் என்றேன். பக்கத்து அறை, நேர் மேலே உள்ளது, நேர் கீழே உள்ளது எதுவும் சரிவராது. சுவர் விரிசல், ஒயர் போகும் குழாய் வழியாக இந்தப் பூச்சி எளிதில் போய்விடும். வேறு கோடியில் ஓர் அறை வாங்கி, அங்கும் மெத்தையைப் பார்த்த பிறகுதான் பெட்டியை உள்ளே கொண்டுபோனேன்.

தோல் மருத்துவராக நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் இருக்கிறது. மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர் மூன்று வாரமாக அரிப்போடு வந்தார். சிரங்கு என்று சொல்லி வீட்டில் எல்லோருக்கும் களிம்பு பூசியாகிவிட்டது. பார்த்தால், சிரங்கு வழக்கமாக வரும் விரலிடுக்கில் ஒன்றுமில்லை. கழுத்திலும் முழங்கையிலும், தூங்கும்போது துணி மூடாத இடங்களில், மூன்று நான்காக வரிசையாகத் தடிப்புகள். "கடைசியா வெளியூர்ல எங்க தங்குனீங்க?" என்று கேட்டேன். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

இதில் ஏமாற்றுவது இதுதான்: கடித்த மறுநாளே சிலருக்குத் தடிக்கும், சிலருக்கு 14 நாள்வரை ஆகும். ஒரே கட்டிலில் படுத்தவருக்கு ஒன்றுமே தெரியாமலும் போகலாம். அதனால் ஹோட்டலை யாரும் நினைப்பதில்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கத்தரிக்காயை நிறுத்திவிடுகிறார்கள்.

மூட்டைப்பூச்சி நோய் எதையும் பரப்புவதாக நிரூபிக்கப்படவில்லை, பயம் வேண்டாம். ஆனால் சொறிந்து புண்ணாக்கி, மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாரக்கணக்கில் பூசிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. தோல் மெலிந்து போகும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குளிர்ந்த ஒத்தடமும், மருத்துவர் தரும் அரிப்பு மாத்திரையும் பெரும்பாலும் போதும்.

வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர், ஆப்பிள் விதை அளவு; கண்ணுக்குத் தெரியும். மெத்தைத் தையல், தலைமாட்டுப் பலகையின் பின்புறம், கட்டில் திருகு ஓட்டைகளை மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். பார்த்து முடிக்கும்வரை பெட்டி குளியலறைத் தரையில் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால், ஊர் திரும்பியதும் துணிகளை நேராக 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பெட்டியை வெயிலில் வைத்தால் போதாது. உள்மடிப்புவரை அந்தச் சூடு போகாது. மெத்தையில் பூச்சிமருந்து அடிக்கவும் வேண்டாம், குழந்தைகள் படுக்கிற இடம்.

அந்தப் பிரதிநிதியிடம் மறுமுறை வரும்போது பையையும் கொண்டுவரச் சொன்னேன். வராந்தாவில் வைத்துத் திறந்தோம். உள் ஜிப்பின் துணிமடிப்பில் உயிரோடு இரண்டு இருந்தன. பக்கத்திலேயே வெள்ளை வெள்ளையாக முட்டைகள்.