ஹோம்லெஸ்: ரோட்டில் படுத்தால்தான் வீடற்றவரா?

லண்டனில் ஒற்றை அறையில் நான்கு பேர் நெருக்கிக்கொண்டு வாழும் தமிழ்க் குடும்பத்திடம், "கவுன்சிலுக்கு (உள்ளூராட்சிக்கு) போய் ஹோம்லெஸ் என்று பதியுங்கள்" என்று சொன்னால் முகம் மாறிவிடும். "நாங்கள் என்ன ரோட்டிலா படுக்கிறோம்?" என்று கேட்பார்கள். மானத்தோடு வாழ நினைப்பவர்களுக்கு அந்தக் கோபம் வருவது இயல்புதான். ஆனால் அந்தக் கோபத்தாலேயே சட்டப்படி கிடைக்க வேண்டிய உதவியைக் கேட்காமல் பல குடும்பங்கள் காலத்தைக் கடத்திவிடுகின்றன. பிரிட்டன் சட்டத்தில் ஹோம்லெஸ் என்ற சொல்லின் எல்லை மிகப் பெரியது. தெருவோரம் உறங்குகிறவர் அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே. தமிழ்ச் செய்திகள் இந்தச் சொல்லைத் "தெருவில் வசிப்பவர்கள்" என்றே பெயர்த்துக்கொண்டிருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் 'ஹாம்' என்றால் குடியிருப்பு, ஊர், சொந்த இடம் எல்லாம்தான். டொட்டன்ஹாம், ஸ்ட்ரெதம் ஆகிய ஊர்ப்பெயர்களின் கடைசியில் இருப்பது அந்த ஹாம். (தமிழர் நிறைந்த ஈஸ்ட்ஹாமின் ஹாம் வேறு. அது நீராலும் சதுப்பாலும் சூழப்பட்ட நிலத்தைக் குறித்த 'ஹம்ம்' என்ற இன்னொரு சொல்லிலிருந்து வந்தது.) 'லெஸ்' என்ற பின்னொட்டின் மூலம், நீங்கிய, விடுபட்ட என்ற பொருளுடையது. இன்றைய வடிவில் ஹோம்லெஸ் என்ற சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது.

தமிழில் குடியிருக்கும் இடத்துக்கு இல், மனை, அகம், குடி என்று பழைய சொற்கள் பல உண்டு. வீடு என்பது 'விடு' என்ற வினையிலிருந்து கிளைத்த பெயர். அறம், பொருள், இன்பம், வீடு என்று வரிசைப்படுத்தும்போது அது விடுதலையைக் குறிக்கிறது. கட்டடத்தைக் குறிக்கும் பொருளே பேச்சில் நிலைத்துவிட்டது. 'இல்' என்பதை வைத்துப் புதுச்சொல் கட்டலாமே என்றால் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதுவே இன்மையையும் குறிக்கும். இல்லார் என்றால் பொருள் இல்லாதவர் என்பதே வழக்கு. எனவே வீடு என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வதுதான் சரி.

இனி சட்டத்துக்கு வருவோம். இந்தச் சொல்லை அகலமாக்கியது அகராதிக்காரர்கள் இல்லை, ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம், எதிர்பாராத அவசரத்தில் சிக்கியவர்களுக்குத் தற்காலிக இடம் கொடுக்கும்படி உள்ளூராட்சிகளின் நலத்துறையிடம் சொன்னது. நடைமுறையில் அது பல இடங்களில் பழைய ஏழைவிடுதியின் மறுபிறப்பாகவே இருந்தது. தாயும் பிள்ளைகளும் விடுதிக்குள், கணவன் வெளியே. சில வேளைகளில் பிள்ளைகள் தாயிடமிருந்தும் பிரிக்கப்பட்டுக் காப்பகத்துக்குப் போனார்கள். வீடு போனதோடு குடும்பமும் உடைந்தது. 1966இல் ஷெல்டர் என்ற தொண்டமைப்பு தொடங்கப்பட்ட பிறகு இது நாட்டின் பொதுப்பேச்சாயிற்று.

வைட் தீவின் லிபரல் உறுப்பினர் ஸ்டீபன் ராஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1977இல் வீடற்றோர் சட்டமாக நிறைவேறியது. அரசு கொண்டுவரும் மசோதாக்களின் நடுவே ஒரு சாதாரண உறுப்பினரின் மசோதா கரை சேர்வதே அபூர்வம். இவருடையதற்கு அரசின் ஆதரவும் கிடைத்தது. அந்தச் சட்டம் முக்கியமாக மூன்று காரியங்களைச் செய்தது. பொறுப்பை நலத்துறையிடமிருந்து எடுத்து வீட்டுவசதித் துறையிடம் கொடுத்தது. வழக்கமாகக் கூட வசிக்கும் குடும்பத்தாரையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. ஹோம்லெஸ் யார் என்பதைச் சட்ட வாசகமாக எழுதியது: தங்குவதற்கு உரிமையுள்ள இடம் இல்லாதவர், இடம் இருந்தும் உள்ளே போக முடியாதவர், உள்ளே போனால் உடன் இருப்பவரால் அடி உதைக்கு ஆளாகக்கூடியவர். கணவனின் வன்முறைக்குப் பயந்து வெளியேறிய பெண் பெயருக்கு வீடு இருந்தாலும் வீடற்றவரே என்று அன்றைக்கே எழுதியது பெரிய விஷயம்.

அப்படியும் சொல்லின் எல்லை முழுதாகத் தீரவில்லை. 1986இல் ஹிலிங்டன் கவுன்சிலுக்கு எதிரான ஒரு வழக்கு, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒரு விருந்தினர் விடுதியில் ஒரே அறை. சமைக்க இடமில்லை, துணி துவைக்க வசதியில்லை. மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டு, காசு போட்டுத் துவைக்கும் கடையில் பிள்ளைகளின் துணியைத் துவைத்து, கைக்கு வந்த உதவித்தொகையில் பெரும்பகுதியை அதற்கே தொலைத்தார்கள். தங்க ஓர் இடம் இருக்கிறது, எனவே இவர்கள் ஹோம்லெஸ் இல்லை என்று தீர்ப்பு வந்தது. சட்டத்தில் 'இடம்' என்றுதான் இருக்கிறது, 'தகுந்த இடம்' என்று இல்லையே என்பது நீதிபதிகளின் வாதம். நாடாளுமன்றம் அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, தொடர்ந்து குடியிருப்பது நியாயமாக இருக்கக்கூடிய இடமாக இருந்தால்தான் அது இடம் என்று சேர்த்தது. ஒரு குடும்பம் பட்ட பாடு ஒரு சொல்லின் பொருளையே மாற்றியது என்பேன்.

இன்று இங்கிலாந்தில் செல்லுபடியாகும் விளக்கம் 1996ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் 175ஆம் பிரிவில் இருக்கிறது. அதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சொற்றொடர் உண்டு. ஐக்கிய இராச்சியத்திலோ வேறெங்கோ குடியிருக்க இடம் இல்லாதவர் என்கிறது சட்டம். யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ உங்களுக்கு வீடு இருந்தால் அதைப் பற்றியும் கேள்வி வரும் என்று அர்த்தம். ஆனால் அந்த வீட்டில் போய் உங்களால் உண்மையிலேயே குடியிருக்க முடியுமா, அது நியாயமா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். குடிவரவு நிலை தனி விஷயம். விசாவில் பொதுநிதி உதவி இல்லை என்ற நிபந்தனை இருந்தால் இந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். அப்படிப்பட்டவர்கள் முதலில் நல்ல சட்ட ஆலோசனை பெறுவது அவசியம்.

அடுத்த பெரிய திருப்பம் 2017. ஹாரோ கிழக்கின் கன்சர்வேட்டிவ் உறுப்பினர் பாப் பிளாக்மன் கொண்டுவந்த தனிநபர் மசோதா வீடின்மை குறைப்புச் சட்டமாகி, 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 28 நாளுக்குள் வீடு பறிபோகும் நிலையில் இருந்தவரைத்தான் வீடின்மை அச்சத்தில் இருப்பவராகக் கவுன்சில் கணக்கில் எடுத்தது. இந்தச் சட்டம் அதை 56 நாளாக்கியது. வீட்டுக்காரர் எழும்பச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டார் என்றால், சாமான்களோடு வாசலில் நிற்கும் நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. காரணம் சொல்லாமலே வாடகைக்காரரை எழுப்ப வழிசெய்த, 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 21ஆம் பிரிவை ஒழிக்க 2025இல் இன்னொரு சட்டமும் நிறைவேறியிருக்கிறது.

ஹோம்லெஸ் என்பதைச் சுற்றி மூன்று துணைச்சொற்கள் உண்டு, எவ்வளவு உதவி, எந்தக் கவுன்சிலிடமிருந்து கிடைக்கும் என்பதை முடிவு செய்வதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. முன்னுரிமைத் தேவை: பிள்ளைகள் உள்ளவர், கர்ப்பிணி, முதுமையாலோ நோயாலோ தளர்ந்தவர் போன்றோர். 2021க்குப் பிறகு வீட்டு வன்முறையால் வீடிழந்தவரும் தானாகவே இதில் அடங்குவார். ஸ்காட்லாந்து இந்தச் சல்லடையையே 2012 முடிவோடு தூக்கி எறிந்துவிட்டது, அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். உள்ளூர்த் தொடர்பு: அந்தப் பகுதியில் வசித்தது, வேலை செய்தது, நெருங்கிய உறவினர் இருப்பது. மூன்றாவதை நம்மவர்கள் "வேண்டுமென்றே வீடற்றவர்" என்று எழுதுகிறார்கள். யார் வேண்டி வீட்டை இழப்பார்? தெரிந்தே ஒன்றைச் செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ வீட்டைப் பறிகொடுத்தவர் என்பதே சட்டம் சொல்லும் பொருள். "தன்செயலால் வீடிழந்தவர்" என்பது அதற்குப் பொருந்தும். கட்டியிருக்கக்கூடிய வாடகையைக் கட்டாமல் விட்டவர் ஓர் உதாரணம். ஏமாற்றுக்காரர்கள் வரிசையை முந்துவார்கள் என்ற எதிர்ப்பைச் சமாளிக்க 1977 மசோதாவில் சேர்ந்த வாசகம் இது.

இங்கே சிறு கடைக்காரர்களையும் சொல்லியாக வேண்டும். வீடின்மையைப் பேசும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் அதே மூச்சில் பிசினஸ் ரேட்ஸ் (கடைகள் போன்ற வணிகக் கட்டடங்கள் மீதான வரி) பற்றிப் பேசினால் தொடர்பில்லாதது போலத் தெரியும். இரண்டுக்கும் வேர் ஒன்று. 1601இல் முதலாம் எலிசபெத் காலத்து ஏழையர் சட்டம், தேவாலய வட்டாரத்து ஏழைகளைக் காக்க அங்கே சொத்து வைத்திருந்தோரிடம் விகிதப்படி வசூலிக்கச் சொன்னது. அந்த விகிதம்தான் ரேட். குடியிருப்புகளுக்கு இருந்த ரேட்ஸ் இங்கிலாந்தில் 1990இல் போய், 1993இல் கவுன்சில் டாக்ஸ் வந்தது. கடைகளுக்கு மட்டும் பழைய பெயரே தங்கிவிட்டது. ஈழத்தமிழர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு சொல் தயாராக இருக்கிறது: ஆதனவரி. வணிக ஆதனவரி என்றால் யாழ்ப்பாணத்துக்காரர் உடனே பிடித்துக்கொள்வார். தமிழ்நாட்டு வாசகருக்கு வணிகச் சொத்துவரி. கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் குடும்பத்துக்கு ரேட்ஸும் மின்கட்டணமும் கடை வாடகையும் கழுத்தை நெரிக்கும்போது, கடையோடு வீடும் சேர்ந்தே போகும். அப்படிப் போகும்போது அவர்களும் ஹோம்லெஸ்தான். மேல்மாடியைக் காலி செய்ய வேண்டிய நாள் 56 நாளுக்குள் என்றால் இன்றைக்கே பதியலாம்.

தமிழில் என்ன சொல்வது? மனிதர்களுக்கு வீடற்றோர், நிலைமைக்கு வீடின்மை. அறு என்ற வினையடியாகப் பிறந்த 'அற்றோர்', இருந்தது அறுந்துபோனதையும் உணர்த்துவதால் வீடில்லாதோர் என்பதைவிட எனக்கு இதுவே பிடிக்கிறது. ஏதிலி போல வீடிலி என்றும் எழுதலாம். தலைப்புக்குச் சுருக்கமாக இருக்கும், ஆனால் அலுவலகப் படிவத்தில் ஒரு முதியவருக்கு வாசித்துக் காட்டினால் புரியாது. நடைபாதைவாசி, தெருவாசி என்பவற்றை இந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். வெளியில் உறங்குவோரைக் குறிக்கும் ரஃப் ஸ்லீப்பர் என்ற தனிச்சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதற்குத் தெருவோரம் உறங்குவோர் என்பது போதும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011இல் எண்ணிய சுமார் 17.7 லட்சம் பேர் கூரையுள்ள வீட்டில் இல்லாதவர்கள். அந்த அளவுகோலில் ஹிலிங்டன் விடுதிக் குடும்பம் கணக்கில் வராது. எனவே இரண்டு நாட்டுச் செய்திகளிலும் வீடற்றோர் என்று படிக்கும்போது எந்த நாட்டுக் கணக்கு என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவுன்சில் படிவங்களைத் தமிழாக்குபவர்கள் ஒரு வரி கூடுதலாக எழுதினால் நல்லது: "வீடற்றோர் என்பதில் விரைவில் வீட்டை இழக்கக்கூடியவரும், இருக்கும் வீட்டில் தொடர்ந்து வாழ முடியாதவரும் அடங்குவர்."