சேற்றுக்கு டயர் வாங்கும் முன் மண்ணைப் பாருங்கள்

போன ஜனவரியில் ஒருவர் தம் மலைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் பணிமனைக்கு வந்தார். பின்சக்கரம் எங்கோ உரசுகிறது என்றார். சக்கரத்தைக் கழற்றி, விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். சக்கரத்தின் இருபுறமும் ஓடும் கார்பன் குழாய்களில், டயரின் தோள் வரும் இடத்தில் வண்ணப்பூச்சு முழுவதும் போய், கறுப்பு இழைகள் வெளியே தெரிந்தன. விரலை வைத்தால் பள்ளம் தட்டுப்பட்டது. அவ்வளவையும் அரைத்தது சேறுதான். தென் இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் குன்றுகளில் சுண்ணாம்பு மண்ணோடு சிக்கிமுக்கிக் கல் துணுக்குகளும் கலந்திருக்கும். அந்தச் சேறு இடுக்கில் அடைத்துக்கொண்டால் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

மழைக்காலம் தொடங்கியதும், கடையில் இருந்ததிலேயே அகலமான, பட்டன் (டயர்மேல் துருத்தி நிற்கும் ரப்பர் முளை) உயரமான டயரை அவர் வாங்கி மாட்டியிருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் இதே தவறோடு பலர் வருகிறார்கள். சேறு என்றால் எல்லாம் ஒரே சேறு என்று நினைப்பதுதான் இதற்குக் காரணம்.

தென்கிழக்கு இங்கிலாந்தின் வீல்ட் பகுதியின் களிமண் பிசின் போல ஒட்டும். அங்கே பட்டனின் உயரத்தைவிட, பட்டன்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இடைவெளி தாராளமாக இருந்தால், சக்கரம் வேகமாகச் சுழலும்போது சேறு தானாகவே தெறித்துப் போகும். நெருக்கமான பட்டன்களில் சேறு அப்பிக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் டயர் வழவழப்பான உருளையாகிவிடும். சவுத் டவுன்ஸ் சுண்ணாம்பு வேறு மாதிரி: அடியில் கெட்டித் தரை, மேலே சவர்க்காரம் பூசியது போன்ற மெல்லிய வழுக்கல். இங்கே சற்றுக் குறுகிய டயர் அந்தப் படலத்தைக் கீறிக்கொண்டு கெட்டித் தரையைப் பிடிக்கும். சர்ரே மாவட்டத்தின் லீத் ஹில் குன்றுப் பக்கம் மணற்பாங்கான மண். நீர் விரைவில் வடிந்துவிடும். அங்கே மட்டும் ஓட்டுபவருக்குத் தனியாகச் சேற்று டயரே தேவையில்லை என்பது என் கருத்து.

வேல்ஸ் மலைப்பாதைகளில் ஈரப் பாறையும் மரவேரும்தான் ஆபத்து. நீண்ட ஊசிப் பட்டன்கள் பாறைமேல் வளைந்து நெளிந்து, வண்டியை நழுவவிடும். அதனால்தான் பந்தய மெக்கானிக்குகள் அந்தப் பட்டன்களை வெட்டுக்குறடால் பாதியாக நறுக்குவார்கள். மேக்ஸிஸ் நிறுவனத்தின் ஷார்ட்டி போன்ற டயர்கள் அந்தக் குட்டைப் பட்டன் வடிவத்திலேயே கிடைக்கின்றன.

பலர் கவனிக்காமல் விடுவது ரப்பரின் தன்மையை. குளிரில் ரப்பர் இறுகும். இறுகிய ரப்பர் ஈரவேரைப் பிடிக்காது. ஒரே டயர் இரண்டு மூன்று வகை ரப்பரில் விற்கப்படும்; பெட்டியில் உள்ள படம் ஒன்றாகவே இருக்கும். மேக்ஸிஸில் மேக்ஸ்கிரிப், ஷ்வால்பேயில் அல்ட்ரா சாஃப்ட் என்று எழுதியிருப்பது மென்மையான வகை. அது சீக்கிரம் தேயும், மிதிக்கவும் கனமாக இருக்கும். ஆகவே முன்சக்கரத்துக்கு அதைப் போடுங்கள். பின்னால் ஒரு படி கடினமானது போதும். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் தோள்பட்டையோ மணிக்கட்டோதான் முதலில் தரையில் மோதும். கையில் ஒரு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், தயங்காமல் முன்டயரை மாற்றுங்கள்.

காற்றழுத்தம் செலவில்லாத வைத்தியம். 75 கிலோ எடையுள்ளவர் 2.4 அங்குல ட்யூப்லெஸ் டயரில் முன்னால் 20, பின்னால் 23 பிஎஸ்ஐ அளவில் தொடங்கிப் பார்க்கலாம். கோடையில் வைப்பதைவிட இரண்டு பிஎஸ்ஐ குறைத்தாலே வித்தியாசம் தெரியும். ட்யூப் போட்டவர்கள் அவ்வளவு குறைக்கக் கூடாது. கல்லில் மோதினால் ட்யூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும்.

பந்தயம் ஓட்டுபவர்களுக்கு ஒன்று: முன்தினம் பாதையை நடந்து பாருங்கள். காலையில் நீர்த்த சேறு, நூறு சக்கரங்கள் ஏறியபின் மதியத்துக்குள் பசையாகிவிடும். ஸ்காட்லாந்தில் ஜனவரியில் நடக்கும் ஸ்ட்ராத்பஃபர் 24 மணிநேரப் பந்தயத்தில் இரவே சுமார் 17 மணிநேரம். பாதை உறைந்துவிட்டால் எந்தச் சேற்று டயரும் பனிக்கட்டியைப் பிடிக்காது. டங்ஸ்டன் கார்பைடு ஆணி பதித்த டயர்தான் வேண்டும்.

அந்த வாடிக்கையாளரின் சைக்கிள் சட்டத்தைக் (ஃபிரேமை) கார்பன் பழுதுபார்ப்பவரிடம் அனுப்பினோம். திரும்பி வந்ததும், டயருக்கும் குழாய்க்கும் நடுவே 6 மில்லிமீட்டர் ஆலன் சாவியை (அறுகோணச் சாவியை) நுழைத்துப் பார்த்தேன். பழைய டயரில் அது நுழையவே இல்லை. 2.25 அங்குல டயர் போட்டபின் இருபுறமும் தாராளமாகப் போய்வந்தது. குழாயின் உட்பக்கத்தில் தடித்த பாதுகாப்பு நாடாவும் ஒட்டிக் கொடுத்தேன். உங்கள் வண்டியிலும் அதே சாவியை நுழைத்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.